கேட்டகூம்: ஒரு பள்ளத்தின் பெயர் கல்லறையின் பெயரான விதம்

நீங்கள் கேட்டது இது. "கேட்டகூம் என்ற சொல்லுக்கு அகராதியில் நிலத்தடிக் கல்லறை என்று போட்டிருக்கிறது. ஆனால் பாரிஸில் எலும்புகளை அடுக்கி வைத்திருக்கும் இடத்துக்கும் அதே பெயர், வேறு ஓர் ஊரில் யாரையுமே புதைக்காத சுரங்கத்துக்கும் அதே பெயர். சரியான பொருள்தான் என்ன? தமிழில் எழுதும்போது எதைப் போடுவது?"

நான் நிறைய நாள் மல்லுக்கட்டிய சொல் இது. அதனால் கொஞ்சம் நீட்டித்தான் சொல்லப்போகிறேன்.

முதலில் உச்சரிப்பை முடித்துவிடலாம். பலர் 'கேட்டகோம்ப்' என்று எழுதுகிறார்கள். ஆங்கிலத்தில் கடைசி 'ப்' ஒலிக்காது. பிரிட்டிஷ்காரர்கள் கேட்டகூம் என்பார்கள், அமெரிக்கர்கள் கேட்டகோம் என்பார்கள். சீப்பைக் குறிக்கும் கோம், கல்லறையைக் குறிக்கும் டூம் ஆகிய சொற்களில் 'ப்' விழுங்கப்படுவதைப் போலத்தான் இதுவும். பிரெஞ்சில் 'கத்தகோம்ப்', இத்தாலியத்தில் 'கத்தகோம்பா', அங்கெல்லாம் 'ப்' உண்டு. தமிழில் எதை வேண்டுமானாலும் எழுதுங்கள், ஒரே கட்டுரையில் இரண்டு வடிவம் வராமல் பார்த்துக்கொண்டால் போதும். நான் கேட்டகூம் என்றே எழுதுகிறேன்.

இனி பொருள். இந்தச் சொல்லுக்குள் சாவும் கிடையாது, கல்லறையும் கிடையாது. இது ஓர் இடப்பெயர். ரோம் நகரத்திலிருந்து தெற்கே போகும் பழைய ஆப்பியன் சாலையில், மூன்றாவது மைல்கல்லை ஒட்டி ஒரு தாழ்வான பகுதி இருந்தது. கட்டடச் சாந்தில் கலக்கும் எரிமலை மணலை அங்கே தோண்டித் தோண்டி எடுத்ததில் குழியும் பள்ளமுமாகக் கிடந்தது. அந்த இடத்தை 'கத்தகும்பாஸ்' என்றார்கள். 'பள்ளங்களுக்குப் பக்கத்தில்' என்று பொருள்படும் கிரேக்கத் தொடரிலிருந்து வந்தது என்பதுதான் பெரும்பாலோர் ஒப்புக்கொள்ளும் விளக்கம். 'கல்லறைகளின் நடுவே' என்று பொருள் வரும் லத்தீன் தொடரின் திரிபு என்று சொல்பவர்களும் உண்டு. எனக்கு முதல் விளக்கமே பொருத்தமாகப் படுகிறது. காரணம், அந்தப் பகுதியில் கட்டப்பட்ட தேரோட்டக் களத்தைக் குறிக்கும்போதும் இதே பெயரைத்தான் சொல்லியிருக்கிறார்கள். குதிரை ஓடும் இடத்துக்குக் கல்லறை என்ற பெயர் எதற்கு? அது வெறும் ஊர்ப்பக்கப் பெயர், நாம் பள்ளத்தூர் என்று சொல்வதைப் போல.

அந்தப் பள்ளத்தில் இருந்த கல்லறைத் தொகுதிதான் இன்று புனித செபஸ்தியார் பெயரில் இருப்பது. 354ஆம் ஆண்டைச் சேர்ந்த ரோமானிய நாட்காட்டி ஒன்று, பேதுருவின் நினைவு நாளைக் 'கத்தகும்பாஸில்' கொண்டாடுவதாகக் குறிக்கிறது. அப்போதும் அது இடப்பெயர்தான். ரோமைச் சுற்றி அதே மாதிரியான கல்லறைத் தொகுதிகள் டஜன் கணக்கில் இருந்தும், அவற்றை யாரும் இந்தப் பெயரால் அழைக்கவில்லை. எல்லாவற்றுக்கும் பொதுவாக 'கொயிமெத்தேரியம்' என்றார்கள். தூங்கும் இடம் என்று பொருள். இன்றைய செமிட்டரி அதிலிருந்து வந்ததுதான்.

பிறகு எப்படி ஒரு பள்ளத்தின் பெயர் எல்லாவற்றுக்கும் ஒட்டிக்கொண்டது? மற்றவை மறந்துபோயின. 5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தோடு நிலத்தடியில் அடக்கம் செய்யும் வழக்கம் நின்றுவிட்டது. 410இல் கோத்தியர் ரோமைச் சூறையாடினார்கள், நகரத்துக்கு வெளியே போவதே ஆபத்தாகிவிட்டது. 8, 9ஆம் நூற்றாண்டுகளில் போப்புகள் மறைசாட்சிகளின், அதாவது விசுவாசத்துக்காக உயிர்விட்டவர்களின் எலும்புகளை எடுத்து நகரத்துக்குள் இருக்கும் கோயில்களுக்குக் கொண்டுபோனார்கள். அதோடு மற்ற நிலத்தடித் தொகுதிகளுக்கு ஆள் வருவது நின்றது, வாசல்கள் தூர்ந்தன, மேலே திராட்சைத் தோட்டம் வைத்துவிட்டார்கள். செபஸ்தியார் கோயிலுக்குக் கீழே இருந்தது மட்டும் யாத்திரிகர் வந்துபோகும் இடமாகவே நீடித்தது. கண்ணுக்குத் தெரிந்த ஒன்றின் பெயர், தெரியாத எல்லாவற்றுக்கும் பெயராயிற்று. 9ஆம் நூற்றாண்டு வாக்கில் வேறு ஊர்களின் நிலத்தடிக் கல்லறைகளையும் இந்தப் பெயரால் குறிக்கத் தொடங்கிவிட்டார்கள்.

1578ஆம் ஆண்டு மே 31ஆம் தேதி, ரோமின் சலாரியா சாலையோரத் தோட்டமொன்றில் எரிமலை மணல் தோண்டிக்கொண்டிருந்தவர்கள் காலுக்குக் கீழே ஓவியங்களோடு ஒரு கல்லறைத் தொகுதி இருப்பதைக் கண்டார்கள். அதற்குப் பிறகுதான் தேடல் ஆரம்பித்தது. அந்தோனியோ போசியோ என்பவர் வாழ்நாள் முழுக்க இதற்காகவே நிலத்துக்குள் இறங்கினார். 19ஆம் நூற்றாண்டில் ஜொவான்னி பத்திஸ்தா தே ரோஸ்ஸி என்ற தொல்லியலாளர் வந்தார். 1849இல் ஒரு தோட்டத்துக் கட்டடத்தில் உடைந்த பளிங்குப் பலகை ஒன்றைப் பார்த்தார். அதில் '...நேலியுஸ் மறைசாட்சி' என்று பாதிப் பெயர் இருந்தது. அது போப் கொர்னேலியுஸின் கல்லறைப் பலகை என்று ஊகித்தார். அந்த இடத்தில் தோண்டியபோது மீதிப் பாதியும் கிடைத்தது, 1854இல் 3ஆம் நூற்றாண்டுப் போப்புகளை அடக்கம் செய்த அறையும் கிடைத்தது. பாதிப் பெயரை வைத்துக்கொண்டு ஒருவர் ஒரு பெரிய நிலத்தடி உலகத்தையே திறந்தார் என்பது எனக்கு இப்போது நினைத்தாலும் மெய்சிலிர்க்கும் விஷயம்.

சரி, உள்ளே எப்படி இருக்கும்? சொல்லின் சரியான பொருளைப் பிடிக்க இதைத் தெரிந்துகொண்டே ஆகவேண்டும். ரோமைச் சுற்றியுள்ள மண்ணுக்கடியில் எரிமலைச் சாம்பல் இறுகி உண்டான மென்மையான பாறை இருக்கிறது. மண்வெட்டிக்கும் கடப்பாரைக்கும் சுலபமாக வழிவிடும், வெட்டிய பிறகு காற்றுப் பட்டால் இறுகும். அதில் ஒரு மீட்டர் அகலத்துக்கு நீள நீளமான நடைவழிகளை வெட்டினார்கள். நடைவழியின் இரண்டு சுவரிலும் ஒன்றன்மேல் ஒன்றாக, ஓர் உடல் படுக்கும் நீளத்துக்கு மாடக்குழிகள். நம் பழைய வீட்டுச் சுவரில் விளக்கு வைக்கிற மாடத்தைப் படுக்கவாட்டில் நீட்டினால் எப்படி இருக்குமோ அப்படி. துணியில் சுற்றிய உடலை அதில் கிடத்தி, செங்கல்லாலோ பளிங்குப் பலகையாலோ மூடி, விளிம்பைச் சாந்து பூசி அடைப்பார்கள். வசதியுள்ள குடும்பங்கள் தனியறை வெட்டிக்கொண்டன. அந்த அறைக்கு லத்தீனில் 'குபிகுலும்' என்று பெயர், அதாவது படுக்கையறை. வெட்டுவதற்கென்றே தொழிலாளர்கள் இருந்தார்கள். 4ஆம் நூற்றாண்டில் அவர்களே கல்லறை இடங்களை விற்றதைக் கல்வெட்டுகள் சொல்கின்றன.

இடம் போதாமல் போனால் கீழே இன்னொரு தளம். சில இடங்களில் நடைவழியின் தரையையே மேலும் ஆழமாக வெட்டினார்கள். அதனால் அங்கே கூரையை ஒட்டி இருக்கும் குழிகள்தான் மிகப் பழையவை, காலடியில் இருப்பவை பிந்தியவை. மண்ணைத் தோண்டிப் பார்க்கிற இடங்களில் ஆழம் கூடக்கூடக் காலம் முந்தும் என்று பழகியவர்களுக்கு இது தலைகீழ்.

ஒரே ஒரு குழியைப் பக்கத்தில் போய்ப் பார்க்கலாம். பலகையில் பெயர் வெட்டப் பணமில்லாதவர்கள் என்ன செய்வார்கள்? இருட்டில் நூற்றுக்கணக்கான குழிகளுக்கு நடுவே தன் பிள்ளையின் குழி எது என்று எப்படி அடையாளம் கண்டுபிடிப்பது? அடைத்த சாந்து ஈரமாக இருக்கும்போதே அதில் ஏதாவது ஒன்றை அழுத்திப் பதித்துவிடுவார்கள். ஒரு காசு, ஒரு கிளிஞ்சல், கண்ணாடிக் கிண்ணத்தின் அடிப்பாகம், ஒரு சிறு விளக்கு, சில குழந்தைகளின் குழியில் ஒரு பொம்மை. அடுத்த முறை விளக்கோடு வரும்போது சுவரில் அது மினுங்கும், அல்லது விரலுக்குத் தட்டுப்படும். அதுவே பெயர்ப்பலகை. அப்படிப் பதித்தவை பலவும் இன்றும் அந்தச் சாந்தில் இருக்கின்றன. குழந்தைகளுக்கான சிறு குழிகள் அங்கே ஏராளம்.

ஆக, கேட்டகூம் என்றால் நிலத்தடியில் நடைவழியாக நீளும், சுவர்க்குழிகளில் உடல்களை அடக்கம் செய்யும் கல்லறைத் தொகுதி. நிலத்தடி, நடைவழி, சுவர்க்குழி என்று மூன்றும் சேர்ந்திருந்தால்தான் சொல்லுக்கு முழுப் பொருள். ஒற்றை அறை போதாது. அதனால்தான் ஆங்கிலத்தில் இது பெரும்பாலும் பன்மையில் வருகிறது. ஒருமையில் வந்தால் அதிலுள்ள ஒரு தொகுதியையோ ஓர் அறையையோ குறிக்கும்.

இங்கே ஒரு தவறான எண்ணத்தையும் விலக்கிவிட வேண்டும், ஏனென்றால் பல தமிழ்க் கட்டுரைகளில் இது அப்படியே வருகிறது. கிறிஸ்தவர்கள் அரசாங்கத்துக்குப் பயந்து ஒளிந்து வாழ வெட்டிய ரகசிய மறைவிடங்கள் இவை என்பார்கள். உண்மையில் இவை கல்லறைகளாகவே வெட்டப்பட்டவை, இருக்கும் இடம் அதிகாரிகளுக்கும் தெரியும். நகரத்துக்குள் புதைக்கவோ எரிக்கவோ கூடாது என்று ரோமின் பழைய பன்னிரண்டு பலகைச் சட்டமே சொல்லிவிட்டது. அதனால் எல்லா மதத்தவரின் கல்லறைகளும் ஊருக்கு வெளியே சாலையோரத்தில்தான். நிலம் விலை அதிகம், எரிப்பதைவிடப் புதைப்பதை விரும்பும் வழக்கமும் பரவியது, அதனால் கீழே தோண்டினார்கள். யூதர்களுக்கும் ரோமில் இப்படிப்பட்ட தொகுதிகள் இருந்தன. நினைவு நாட்களில் கூடி வழிபடுவது உண்டு. 257இல் பேரரசர் வலேரியன் கிறிஸ்தவர்கள் கல்லறைகளுக்குப் போவதையே தடைசெய்தார், மறு ஆண்டு போப் இரண்டாம் சிக்ஸ்துஸ் கல்லறை வளாகத்திலேயே பிடிபட்டார். ஒளியத் தகுந்த இடமாக இருந்திருந்தால் பிடிபட்டிருக்க மாட்டார். எனவே 'மறைவிடம்' என்ற சொல்லை மொழிபெயர்ப்பில் நுழைத்துவிடாதீர்கள்.

அடுத்து பாரிஸ். அங்கே சொல் இரவல் போயிருக்கிறது. நகரத்தின் நடுவில் இருந்த இன்னோசான் கல்லறைத் தோட்டம் பல நூற்றாண்டுப் பிணங்களால் நிரம்பி வழிந்தது. 1780இல் அதை ஒட்டிய வீட்டு நிலவறையின் சுவர் பாரம் தாங்காமல் இடிந்து உள்ளே சரிந்தது. கல்லறைத் தோட்டத்தை மூடினார்கள். எலும்புகளைத் தோண்டி எடுத்து, நகரத்தின் தெற்குப் பக்கம் கைவிடப்பட்டிருந்த சுண்ணாம்புக்கல் சுரங்கங்களில் கொண்டுபோய்ப் போட்டார்கள். இரவில், கறுப்புத் துணி போர்த்திய வண்டிகளில், பாதிரியார்கள் பாடிக்கொண்டே கூடவர. 1786 ஏப்ரல் 7ஆம் தேதி அந்தச் சுரங்கத்தை எலும்பறையாகப் புனிதப்படுத்தினார்கள். மற்றக் கல்லறைத் தோட்டங்களின் எலும்புகளும் வந்து சேர்ந்தன. ஏறத்தாழ 60 லட்சம் பேரின் எலும்புகள், சுமார் 20 மீட்டர் ஆழத்தில். தொடை எலும்புகளையும் மண்டையோடுகளையும் விறகு அடுக்குவதுபோல் வரிசையாக அடுக்கிய சுவர்கள் பின்னால் செய்தவை. 1809இல் பார்வைக்குத் திறந்தார்கள். ரோமின் புகழால் இதற்கும் அதே பெயரைச் சூட்டிவிட்டார்கள். கண்டிப்பாகப் பார்த்தால் இது எலும்பறை. யாரும் அங்கே முதன்முதலாக அடக்கம் செய்யப்படவில்லை, வேறிடத்தில் புதைக்கப்பட்டவர்கள் இரண்டாம் முறை வந்தவர்கள்.

இப்படிப் பெயர் நகர்ந்துகொண்டே போனது. சிசிலியின் பலெர்மோவில் கப்புச்சின் துறவிகளின் மடத்துக்குக் கீழே இருப்பதையும் கேட்டகூம் என்கிறார்கள். அங்கே உடல்களைப் பதப்படுத்தி, உடை உடுத்தி, சுவரோரமாக நிற்க வைத்திருக்கிறார்கள். 1599இல் தொடங்கிய வழக்கம் அது. புதைப்பே இல்லை. உக்ரைனின் ஒதேசாவில் இருப்பவை கட்டடக்கல் வெட்டிய சுரங்கங்கள், ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் நீளம். அவை இடுகாடாக வெட்டப்பட்டவையே இல்லை. இருந்தும் பெயர் கேட்டகூம்தான். அங்கே மிஞ்சியிருப்பது 'நிலத்தடி நடைவழி' என்ற உருவம் மட்டும். இன்றைய ஆங்கிலத்தில் பழைய நூலகத்தின் அடித்தளத்தையோ, சிக்கலான அலுவலகத் தாழ்வாரங்களையோ கேட்டகூம் என்று எழுதுவது இந்த உருவத்தை வைத்துத்தான். அந்த மாதிரி இடத்தில் 'நிலத்தடிக் கல்லறை' என்று மொழிபெயர்த்தால் வாசகர் மிரண்டுவிடுவார். 'இருண்ட வளைவழிகள்' என்று எழுதிவிட்டுப் போகலாம்.

அலெக்சாண்டிரியாவில் ஒன்று இருக்கிறது, அதை விட மனசில்லை. 1900இல் ஒரு கழுதை குழிக்குள் விழுந்ததால் வெளியே தெரியவந்தது என்று சொல்லப்படும் இடம். மூன்று தளங்கள், எகிப்தியத் தெய்வம் ரோமானியப் படைவீரன் உடையில் நிற்கும் சிற்பம். அந்த இடத்தின் அரபுப் பெயர் 'கோம் எல் ஷொகாஃபா', பானையோட்டு மேடு என்று பொருள். நம் தாழிக்காடுகளையும் பானையோட்டை வைத்துத்தானே முதலில் அடையாளம் காண்கிறோம்.

இப்போது தமிழுக்கு வரலாம்.

தமிழில் அன்றாடம் புழங்கும் சாவிடச் சொற்களைப் பாருங்கள். சுடுகாடு, இடுகாடு, பழைய இலக்கியத்தில் முதுகாடு, புறங்காடு. எல்லாம் காடு. நம் மொழி இறந்தவர்களை ஊருக்கு வெளியே, வானத்துக்குக் கீழே வைத்திருக்கிறது. அதனால் நிலத்துக்குள் அறை அறையாக நீளும் ஒன்றுக்கு ஆயத்தமான ஒற்றைச் சொல் நம்மிடம் இல்லைதான். ஆனால் நிலத்தடி அடக்கத்துக்குச் சொல் இல்லை என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். மணிமேகலையில் சக்கரவாளக் கோட்டம் என்னும் சுடுகாட்டுப் பகுதியை விவரிக்கும் இரண்டு அடி போதும்:

சுடுவோர் இடுவோர் தொடுகுழிப் படுப்போர்
தாழ்வயின் அடைப்போர் தாழியில் கவிப்போர்

ஐந்து விதம். சுடுவோர் தெரியும். இடுவோர் என்றதும் புதைப்போர் என்று நினைக்கத் தோன்றும், இன்றைய இடுகாடு அப்படித்தானே. ஆனால் அடுத்தே 'தொடுகுழிப் படுப்போர்' வருகிறது. தொடுதல் என்றால் தோண்டுதல், தோண்டிய குழியில் கிடத்துவோர். ஆகவே இடுவோர் என்பது வெறுமனே வெளியில் இட்டுவிட்டுப் போவோர். கடைசியில் தாழியில் கவிப்போர். அதற்கு முந்தியதுதான் நமக்கு வேண்டியது: தாழ்வயின் அடைப்போர். வயின் என்றால் இடம். தாழ்ந்த இடத்தில் வைத்து அடைப்பவர்கள்.

'கத்தகும்பாஸ்' என்பதன் பொருளை மேலே சொன்னேன், பள்ளத்தின் அருகே. தாழ்வயின் என்பதும் கிட்டத்தட்ட அதேதான். ரோமின் கல்லறையை நம் புலவர் பார்த்திருக்க வேண்டியதில்லை. ஆனால் இரண்டு மொழியும் இறந்தவரைத் தாழ்ந்த இடத்தோடு சேர்த்தே பேசுகின்றன. வினையையும் கவனியுங்கள். புதைப்போர் என்று சொல்லவில்லை, அடைப்போர் என்கிறார். மண்ணைத் தள்ளி மூடுவது வேறு, உள்ளே வைத்து வாயை அடைப்பது வேறு. சுவர்க்குழியில் உடலைக் கிடத்திச் சாந்து பூசுவதற்கு இதைவிடப் பொருத்தமான வினை எனக்குத் தெரியாது.

தாழியைப் பற்றி ஒரு வார்த்தை. கேட்டகூம் என்பதற்கு 'முதுமக்கள் தாழி' என்று போட்டிருந்த ஒரு மொழிபெயர்ப்பைப் பார்த்திருக்கிறேன். அது பிழை. தாழி என்பது பானை. ஆதிச்சநல்லூரில் 1876இல் பெர்லினிலிருந்து வந்த யாகோரும், பிறகு 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் அலெக்சாண்டர் ரீயும் தோண்டி எடுத்தவை, 2004-05 அகழாய்வில் நூற்றுக்கும் மேலாக வெளிப்பட்டவை, கீழடிக்குப் பக்கத்தில் கொந்தகையில் கிடைத்தவை எல்லாம் தனித்தனிக் குழியில் இறக்கிய பெரிய பானைகள். நடைவழி கிடையாது, உள்ளே நடந்துபோய்ப் பார்க்கவும் முடியாது. சாகாமல் இழுத்துக்கொண்டிருந்த கிழவர்களை உயிரோடு உள்ளே உட்காரவைத்த சாடி என்று ஊர்களில் சொல்லும் கதையையும் நம்பாதீர்கள். குழந்தைகளின் எலும்புகளும் தாழிகளில் கிடைத்திருக்கின்றன. புறநானூற்றில் குயவரைப் பார்த்து 'கலம்செய் கோவே' என்று அழைக்கும் பாட்டுகள் இரண்டு உண்டு. ஒன்றில் கிள்ளிவளவன் இறந்தபோது, இவ்வளவு பெரியவனைக் கவிக்கத் தாழி வனைய உன்னால் முடியுமா என்று ஐயூர் முடவனார் கேட்கிறார். இன்னொன்றில் கணவனை இழந்தவள், ஈமத்தாழியை எனக்கும் இடமிருக்கும்படி அகலமாக வனைந்துகொடு என்று கேட்கிறாள். வண்டிச் சக்கரத்தின் ஆரக்காலில் ஒட்டிக்கொண்டு கூடவே வந்த சிறு வெள்ளைப் பல்லி போல அவனோடு வந்தவள் அவள். தாழி என்ற சொல்லுக்குள் இவ்வளவும் இருக்கிறது. அதை வேறு ஒரு பொருளுக்குத் தூக்கிக் கொடுத்துவிடக் கூடாது.

பதுக்கை என்பது இன்னொரு நல்ல சொல். பதுக்குதல் என்றால் மறைத்தல். பாலை வழியில் அம்பு பட்டு விழுந்தவர்களின் மேல் குவித்த கற்குவியலைப் புறநானூறு 'வம்பப் பதுக்கை' என்கிறது. இன்றைய தொல்லியலாளர்கள் நிலத்துக்குள் பலகைக் கற்களை நிறுத்திப் பெட்டிபோல் செய்ததைக் கல்பதுக்கை என்றும், நிலத்துக்கு மேல் இருப்பதைக் கல்திட்டை என்றும் பிரிக்கிறார்கள். இவற்றைத்தான் கிராமங்களில் பாண்டவர் குழி, குள்ளர் வீடு என்றெல்லாம் சொல்வது. ஐரோப்பாவில் கோயிலின் தரைக்குக் கீழே இருக்கும் ஒற்றைக் கல்லறை அறையைக் கிரிப்ட் என்கிறார்களே, அதன் கிரேக்க வேர்ச்சொல்லுக்கும் 'மறைந்தது' என்றுதான் பொருள். பதுக்கையும் கிரிப்ட்டும் பிறப்பில் சகோதரர்கள். ஆனாலும் கிரிப்ட்டுக்குப் பதுக்கை என்று எழுதினால் கல்பதுக்கையோடு குழம்பும். அதற்கு நிலவறை அல்லது நிலவறைக் கல்லறை போதும்.

குகை என்ற சொல்லையும் மறக்கக் கூடாது. திருமந்திரத்தில் சமாதிக் கிரியை என்று ஒரு பகுதி இருக்கிறது. ஞானியின் உடலை எப்படி அடக்கம் செய்வது என்று அளவோடு சொல்கிறது. ஒன்பது சாண் ஆழம், அதற்குள் முக்கோணமாக ஒரு சிற்றறை, அதில் பத்மாசனத்தில் அமர்த்துவது. அந்த அறைக்குத் திருமூலர் வைத்த பெயர் குகை. மலையில் இருப்பது மட்டும்தான் குகை என்று நினைக்கிறோம், ஆனால் நிலத்தடி அடக்க அறையைக் குறிக்கவும் அந்தச் சொல்லுக்குப் பழைய உரிமை இருக்கிறது. சிலர் ரோமின் கேட்டகூமைக் 'கல்லறைக் குகை' என்று எழுதுவதை நான் குறைசொல்லாததற்கு இதுதான் காரணம்.

இன்று அதிகம் புழங்குவது 'சுரங்கக் கல்லறை'யும் 'நிலத்தடிக் கல்லறை'யும். இரண்டாவதில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. கல்லறை பெரும்பாலும் நிலத்தடியில்தானே இருக்கிறது, அப்புறம் எதற்கு அடைமொழி? நடைவழி என்ற உயிர்நாடி அதில் விட்டுப்போகிறது. சுரங்கக் கல்லறையில் அது கொஞ்சம் வருகிறது, ஆனால் சுரங்கம் என்றதும் நிலக்கரியும் தங்கமும் நினைவுக்கு வரும். சிலப்பதிகாரத்தில் மதுரைக் கோட்டை அகழிக்குக் கீழே யானைகள் கூட்டமாகப் போகும் வழி ஒன்று வருகிறது. அதைச் 'சுருங்கை வீதி' என்கிறார் இளங்கோ. நிலத்தடியில் நடந்துபோகும் வழிக்குச் சுருங்கை. ஆகவே 'சுருங்கைக் கல்லறை' என்றால் வழியும் வரும், அடக்கமும் வரும். இது நான் பயன்படுத்தும் சொல், எல்லாரும் ஏற்றுக்கொண்டது என்று சொல்ல மாட்டேன். பொதுவாசகருக்கான கட்டுரையில் சுரங்கக் கல்லறை என்றே போடுங்கள், தாராளமாகப் புரியும். மொழிநடையில் அக்கறை காட்டும் இடத்தில் சுருங்கைக் கல்லறையை முயன்று பாருங்கள்.

பாரிஸுக்கு எலும்பறை. அரசர்களுக்கு மேலே மாளிகைபோல் எழுப்புவதற்கு இந்தச் சொற்கள் எதுவும் வேண்டாம். சோழ அரசர்களை அடக்கம் செய்த இடத்தில் எழுப்பிய கோயிலுக்குப் பள்ளிப்படை என்று தனிப்பெயரே இருக்கிறது, மேல்பாடியில் ராஜராஜன் தன் பாட்டன் அரிஞ்சயனுக்கு எடுத்தது போல. அந்த அரிஞ்சயனைக் கல்வெட்டு 'ஆற்றூர்த் துஞ்சின தேவர்' என்கிறது. துஞ்சுதல் என்றால் தூங்குதல். ரோமர்கள் கல்லறையைத் தூங்கும் இடம் என்றும் அதன் அறையைப் படுக்கையறை என்றும் சொன்னதை மேலே பார்த்தோம். இறப்பைத் தூக்கம் என்று சொல்ல நம்மிடம் இவ்வளவு அழகான வினை இருக்கும்போது, ரோமானியக் கல்வெட்டுகளை மொழிபெயர்ப்பவர்கள் 'இங்கே ஓய்வெடுக்கிறார்' என்று எழுதுவதைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது. 'இங்கே துஞ்சுகிறாள்' என்று எழுதலாமே.

அந்தக் கல்வெட்டுகளில் அடிக்கடி வரும் இன்னொரு சொல் 'தெப்போசித்துஸ்'. பெரும்பாலும் மூன்றே எழுத்தாகச் சுருக்கியிருப்பார்கள். ஒப்படைக்கப்பட்டவர் என்று பொருள், வங்கியில் பணம் போடும் டெபாசிட்டுக்கும் அதுதான் வேர். திரும்பப் பெற்றுக்கொள்ளும் எண்ணத்தோடு ஒருவரிடம் ஒப்படைப்பது. இதற்குப் 'புதைக்கப்பட்டார்' என்று போட்டால் பொருளின் பாதி போய்விடும். 'அடக்கம் செய்யப்பட்டார்' பரவாயில்லை. என்னைக் கேட்டால் 'ஒப்படைக்கப்பட்டார்' என்றே விட்டுவிடுவேன், வாசகர் ஒரு கணம் நின்று படிக்கட்டும்.

கடைசியாக, நடைமுறையில் எப்படி எழுதுவது என்பதற்கு ஒரு வாக்கியம். புனித ஜெரோம் சிறுவயதில் ரோமில் படித்துக்கொண்டிருந்தபோது, ஞாயிற்றுக்கிழமைகளில் நண்பர்களோடு இந்தக் கல்லறைகளுக்குள் இறங்கியதையும், இருபுறச் சுவரிலும் உடல்கள் இருந்ததையும், இருட்டு அப்பிக்கொண்டதையும், மேலேயிருந்து துவாரம் வழியாக எப்போதாவது கொஞ்சம் வெளிச்சம் விழுந்ததையும் எழுதியிருக்கிறார். அதைச் சொல்வதானால் நான் இப்படித் தொடங்குவேன்: "கேட்டகூம் எனப்படும் சுருங்கைக் கல்லறைகளுக்குள் அந்தச் சிறுவர்கள் இறங்கினார்கள்." முதல் முறை மட்டும் அயற்சொல்லும் தமிழ்ச்சொல்லும் சேர்ந்து வரும். அடுத்த வாக்கியத்திலிருந்து வெறும் கல்லறை, வழி, மாடக்குழி, இருட்டு.